பிரிட்டனின் மூர்களில் பூனைப்பருந்து ஏன் காணாமல் போகிறது?

நீங்கள் கேட்டது இது: பிரிட்டன் பறவைப் பிரியர்களின் நாடு, அங்கே பறவைகள் பாதுகாப்புக்கான அரச சங்கத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள், சட்டமும் கடுமையாக இருக்கிறது. அப்படியிருந்தும் ஹென் ஹாரியர் என்ற பூனைப்பருந்து வகையை இங்கிலாந்தில் விடாமல் கொன்றுகொண்டிருக்கிறார்கள் என்கிறார்களே, ஏன் தடுக்க முடியவில்லை?

முதலிலேயே என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அங்கே சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சட்டம் துப்பாக்கியைப் பிடித்த ஒரு ஆளைத் தேடுகிறது. மூர் எனப்படும், ஆள் நடமாட்டமே இல்லாத மேட்டு நிலத்தில் அந்த ஆள் கிடைப்பதில்லை. ஸ்காட்லாந்து 2024-இல் ஆளைத் தேடுவதோடு நிற்காமல், அந்த நிலத்தில் வேட்டைக்கே உரிமம் வேண்டும் என்று ஆக்கியது. இங்கிலாந்து இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை, வர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று விளக்க கொஞ்சம் இடம் வேண்டும்.

பறவையிலிருந்து தொடங்குவோம். குளிர்காலத்தில் நம் ஊர்ப் புல்வெளிகளுக்கும் தரிசுகளுக்கும் வருகின்றனவே பூனைப்பருந்துகள், அவற்றின் நெருங்கிய சொந்தம்தான் ஹென் ஹாரியர். ஆண் வெளிறிய சாம்பல் நிறம், சிறகு நுனி மட்டும் மை பூசியது போலக் கறுப்பு. பெண் பழுப்பு, வால் தொடங்கும் இடத்தில், முதுகுப் பக்கம், பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை. வசந்தத்தில் ஆண் பறவை வானத்தில் மேலேறி, தலைகீழாகப் புரண்டு, தரையைத் தொடுவதுபோல் விழுந்து மறுபடி ஏறும். கூடு தரையில், ஹெதர் என்ற குட்டைப் புதருக்குள். பெண் முட்டையில் உட்கார்ந்துவிட்டால் வாரக்கணக்கில் வேட்டைக்குப் போகாது. ஆண் எலியையோ குருவியையோ பிடித்துக்கொண்டு வந்து குரல் கொடுக்கும். பெண் எழுந்து பறந்து ஆணுக்குக் கீழே வந்து, மல்லாந்தபடி, மேலிருந்து விடப்படும் இரையை அந்தரத்திலேயே காலால் பிடித்துக்கொள்ளும்.

பார்க்க அற்புதமான காட்சி. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருக்கிறது. ஆண் ஒருநாள் திரும்பி வரவில்லை என்றால் பெண் பசி தாங்காமல் முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் கூட்டைத் தொடவே வேண்டியதில்லை. கூட்டிலிருந்து பல மைல் தள்ளி ஆணைச் சுட்டால் போதும். கூட்டுக்குக் காவல் இருக்கும் தன்னார்வலர்கள் கண்ணில் எதுவுமே படாது. 2015-இல் வட இங்கிலாந்தில் கூடு கட்டியிருந்த ஐந்து ஆண் பறவைகள் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போயின, அவற்றின் கூடுகள் கைவிடப்பட்டன.

சரி, யாருக்கு என்ன கோபம்? அதற்கு கிரவுஸ் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ரெட் கிரவுஸ் என்பது கௌதாரியைவிடப் பெரிய, குண்டான, செம்பழுப்புப் பறவை. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஹெதர் படர்ந்த மேட்டு நிலங்களில், அதாவது மூர்களில், வாழ்கிறது. ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை இதைச் சுடலாம். இங்கிலாந்தில் அந்தத் தேதிகள் 1831-ஆம் ஆண்டு வேட்டைச் சட்டத்திலிருந்தே வருகின்றன. சுடுவதில் இரண்டு வகை உண்டு. நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துபோய் எழும்பும் பறவையைச் சுடுவது ஒன்று. இன்னொன்று, ஆட்கள் வரிசையாக நின்று கொடி அசைத்து மொத்தப் பறவைகளையும் விரட்ட, தடுப்புச் சுவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் தலைக்கு மேல் சீறிப் பறந்து வருவதைச் சுடுவது. பணம் புரள்வது இந்த இரண்டாவது வகையில்தான். ஒரு குழு ஒரு நாளுக்குப் பல்லாயிரம் பவுண்டு கொடுக்கும். மூர் விற்பனைக்கு வரும்போது விலை பேசுவதும், கடந்த ஆண்டுகளில் சராசரியாக எத்தனை ஜோடி சுடப்பட்டன என்ற கணக்கை வைத்துத்தான்.

விரட்டிச் சுடுவது நடக்க வேண்டுமானால் பறவைகள் இயற்கையாக இருக்கும் அளவைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும். கிரவுஸைக் கோழி மாதிரிப் பண்ணையில் வளர்த்து விடுவதில்லை, அது காட்டுப் பறவை. ஆகவே நிலத்தையே அதற்கு ஏற்றபடி மாற்றுகிறார்கள். குளிர்காலத்தில் ஹெதரைப் பகுதி பகுதியாக எரித்து இளந்தளிர் வரவைப்பார்கள். எதிர்ச்சரிவிலிருந்து பார்த்தால் மலை முழுக்க ஒட்டுப்போட்ட துணி போலத் தெரியும். குடலில் வரும் ஒரு புழு கிரவுஸைக் கூட்டம் கூட்டமாகச் சாகடிக்கும் என்பதால், செரிமானத்துக்காக அது விழுங்கும் பொடிக்கற்களில் புழு மருந்தைப் பூசிச் சிறு பெட்டிகளில் வைப்பார்கள். நரி, ஸ்டோட் என்ற கீரி போன்ற பிராணி, காகம் இவற்றைச் சட்டப்படியே பொறி வைத்தும் சுட்டும் குறைப்பார்கள். இதையெல்லாம் செய்பவர் கேம்கீப்பர் எனப்படும் வேட்டைக் காவலர். வேலையோடு பெரும்பாலும் வீடும் எஸ்டேட்டுடையது. பறவை எண்ணிக்கை குறைந்தால் அவருடைய வேலைக்கும் வீட்டுக்கும் உத்தரவாதம் இல்லை.

இந்த நிலத்தில் எலி தின்னும், புல்வெளிக் குருவி தின்னும், கூடவே கிரவுஸ் குஞ்சையும் தின்னும் ஒரு பருந்து வந்து கூடு கட்டுகிறது. பகை இங்கே தொடங்குகிறது.

எஸ்டேட்காரர்களின் பயம் கற்பனையா? இல்லை. பறவைப் பிரியர்களில் பலர் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள், ஆனால் சான்று தெளிவாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் தெற்கெல்லையில் லாங்ஹோம் என்ற இடத்து மூரில் 1992 முதல் 1997 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பருந்துகளைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். இரண்டாக இருந்த கூடு கட்டும் பெண் ஹாரியர்கள் 20 ஆயின. கோடையில் அவை கிரவுஸ் குஞ்சுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் தின்றன. வசந்த கால இழப்பையும் சேர்த்தால் இலையுதிர்காலத்துக் கிரவுஸ் எண்ணிக்கை பாதியாகிவிடுகிறது என்று கணக்கிட்டார்கள். அங்கே விரட்டிச் சுடும் வேட்டை நின்றது, கேம்கீப்பர்களின் வேலையும் போனது.

இந்த ஒரு ஆய்வைப் படித்த ஒவ்வொரு எஸ்டேட் முதலாளிக்கும் "ஹாரியரை விட்டுவைத்தால் லாங்ஹோம்தான்" என்ற எண்ணம் பதிந்துவிட்டது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. கேம்கீப்பர்கள் போனபின் நரியும் காகமும் பெருகி, தரையில் கூடு கட்டும் ஹாரியரே மறுபடி குறைந்தது. பிறகு 2008-இல் இரண்டாவது திட்டம் தொடங்கியது: கேம்கீப்பர்களைத் திரும்பக் கொண்டுவந்து, ஹாரியர் கூட்டருகே கம்பத்தில் எலியும் கோழிக்குஞ்சும் வைத்து வயிறு நிறைய ஊட்டினார்கள். ஊட்டப்பட்ட பறவைகள் கிரவுஸ் குஞ்சைக் கொண்டுவருவது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் விரட்டிச் சுடும் அளவுக்கு கிரவுஸ் பெருகவில்லை. கடைசியில் அந்த மூரையே ஊர்க்காரர்கள் விலைக்கு வாங்கினார்கள். 2021-இலும் 2022-இலும் இரண்டு தவணையாகப் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல். நிதி திரட்டி, ஒரு பிரபுக் குடும்பத்தின் எஸ்டேட்டிலிருந்து ஒரு சிற்றூரின் மக்கள் வாங்கிய நிலம் இன்று டாரஸ் பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பகம். இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கொலைகள் உண்மையிலேயே எவ்வளவு பரவலாக நடக்கின்றன? முன்பு இது ஊகமாகத்தான் இருந்தது. செயற்கைக்கோள் டேக் வந்ததும் நிலைமை மாறியது. பறவையின் முதுகில் கட்டும் இலேசான கருவி. சூரிய ஒளியில் இயங்கும், இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பறவை இயல்பாகச் செத்தால் டேக் கொஞ்சநாள் அதே இடத்திலிருந்து சமிக்ஞை அனுப்பும், போய் எடுத்துவிடலாம். நன்றாக இயங்கிக்கொண்டிருந்த டேக் திடீரென்று மௌனமாகி, தேடிப் போனால் பறவையும் இல்லை, கருவியும் இல்லை என்றால் யாரோ இரண்டையும் அப்புறப்படுத்தியிருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் பொருள். 2007-லிருந்து 2017 வரை டேக் கட்டிய 58 ஹாரியர்களைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வின்படி, 72 சதவீதம் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவை அல்லது அப்படிக் கொல்லப்பட்டிருக்க மிகவும் வாய்ப்புள்ளவை. மற்ற இடங்களைவிட கிரவுஸ் மூரில் இவை சாகவோ மறையவோ பத்து மடங்கு அதிக வாய்ப்பு. 2023-இல் வந்த இன்னொரு ஆய்வில், கூட்டைவிட்டுப் பறந்த குஞ்சு சராசரியாக உயிர் வாழ்வது 121 நாள்தான் என்று தெரிந்தது. இளங்குஞ்சுகள் இயற்கையாகவே நிறையச் சாகும் என்பது உண்மைதான். ஆனால் முதல் ஆண்டைத் தாண்டிய, ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பறவைகளின் சாவில் முக்கால் பங்குக்குக் காரணம் மனிதன் என்கிறது அந்த ஆய்வு.

எப்போதாவது உடல் கிடைக்கும். 2011-இல் வட இங்கிலாந்தின் போலண்ட் (Bowland) மலைப்பகுதியில் பொரித்து, போலண்ட் பெட்டி என்று பெயரிடப்பட்ட ஒரு பெண் ஹாரியர், ஸ்காட்லாந்தின் வடக்கு வரை பறந்து திரும்பி, 2012 கோடையில் யார்க்ஷயர் மூர் ஒன்றில் செத்துக் கிடந்தது. இடது கால் எலும்பு முறிந்திருந்தது. முறிந்தது எப்படி என்று வெறும் கண்ணால் சொல்ல முடியவில்லை. எக்ஸ்ரேயில் முறிவின் விளிம்பில் நுண்ணிய ஈயத் துணுக்கு ஒன்று தெரிந்தது. சுடப்பட்டு, உடனே சாகாமல், அடிபட்ட காலோடு கொஞ்ச தூரம் போய் இறந்திருக்கிறது. டேக் இல்லாமலிருந்தால் அந்த உடலைத் தேடி யாரும் அங்கே போயிருக்கமாட்டார்கள். சுட்டது யார் என்று இன்றுவரை தெரியாது.

சாட்சி கிடைத்தாலும் வழக்கு நிற்பதில்லை. ஸ்காட்லாந்தில் மோரே பகுதி மூர் ஒன்றில் 2013-இல் பறவைச் சங்கத்தின் கேமரா, கூட்டிலிருந்து எழும்பிய பெண் ஹாரியர் சுடப்படுவதையும், ஆள் அதை எடுத்துக்கொண்டு போவதையும் படம் பிடித்தது. ஒருவர் மேல் வழக்குப் போட்டார்கள். ஆனால் அந்தக் கேமரா குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே அனுமதியின்றி வைக்கப்பட்டது, ஆகவே சான்றாக ஏற்க முடியாது என்று சொல்லி, 2017-இல் விசாரணை தொடங்கும் முன்பே அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. குற்றம் நடந்ததை நாடே வீடியோவில் பார்த்தது. தண்டனை யாருக்கும் இல்லை.

ஹாரியர் 1954-இலிருந்து சட்டப் பாதுகாப்பில் உள்ள பறவை என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் இன்னும் கடுமையானது. இங்கிலாந்தில் ஆறு மாதம் வரை சிறை. ஸ்காட்லாந்தில் 2020-க்குப் பிறகு ஐந்து ஆண்டு வரை போடலாம். தண்டனையை ஐம்பது ஆண்டாக உயர்த்தினாலும், ஆளை நிறுத்த முடியாத வழக்கில் அதற்கு என்ன பயன்?

இங்கிலாந்து அரசு வேறு வழி தேடியது. 2013-இல் இங்கிலாந்து முழுவதிலும் ஒரு ஹாரியர் குஞ்சுகூடப் பறக்கவில்லை. 300 ஜோடிக்கு மேல் தாங்கக்கூடிய நிலம் அங்கே இருக்கிறது என்று அரசின் சொந்த ஆலோசனை அமைப்பே சொல்லியிருந்தது. 2016-இல் அரசு ஒரு திட்டம் அறிவித்தது. அதில் அதிகம் சர்ச்சையானது, 10 கிலோமீட்டருக்குள் இரண்டு கூடுகள் இருந்தால் ஒன்றிலுள்ள குஞ்சுகளை எடுத்து, கூண்டில் வளர்த்து, பறக்கும் வயதில் அதே பகுதியில் விடுவது. மூர்க்காரர்களுக்கு, தங்கள் நிலத்தில் ஹாரியர் காலனி உருவாகிவிடாது என்ற நிம்மதி. பறவைச் சங்கம் நீதிமன்றம் வரை போய் எதிர்த்தது, தோற்றது. 2019-இல் முதல் குஞ்சுகள் எடுக்கப்பட்டன, 2024-உடன் அந்தச் சோதனை முடிந்தது.

அதனால் பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். 2018-இல் இங்கிலாந்தில் 34 குஞ்சுகள் பறந்தன, 2023-இல் 141. பத்தாண்டுக்கு முன் பூஜ்யமாக இருந்த எண் இது. சில எஸ்டேட்கள் மனம் மாறி ஹாரியரை விட்டுவைத்ததும் நிஜம், அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டே, 2024-இல், எண்ணிக்கை 80-ஆக விழுந்தது. அப்புறம், கூண்டில் வளர்த்து விட்ட பறவைகளும் குளிர்காலத்தில் அதே மூர்களின் மேல்தான் பறக்க வேண்டும். காணாமல் போவது நிற்கவில்லை. எனக்கு இந்தத் திட்டத்தில் உறுத்துவது வேறொன்றும்கூட: குற்றம் நடக்காமல் இருப்பதற்கு விலையாக, பாதுகாக்கப்பட்ட பறவையைக் கூட்டிலிருந்து அகற்ற ஒப்புக்கொண்டார்கள். வேறெந்தக் குற்றத்திலாவது அரசு இப்படிப் பேரம் பேசுமா?

ஸ்காட்லாந்து வேறு பாதையில் போனது, அதற்குப் பொன்னிறக் கழுகு காரணம். 2017-இல் ஸ்காட்லாந்து அரசு வெளியிட்ட ஆய்வில், டேக் கட்டிய 131 கழுகுகளில் 41 வரை சந்தேகமான முறையில் மறைந்திருந்தன, அதுவும் குறிப்பிட்ட சில கிரவுஸ் மூர்களைச் சுற்றி. கழுகு ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு உணர்ச்சிகரமான விஷயம். குழு அமைத்தார்கள், அறிக்கை வந்தது, 2024 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. இனி ஸ்காட்லாந்தில் கிரவுஸ் சுட அந்த நிலத்துக்கு உரிமம் வேண்டும். அங்கே பருந்து கொல்லப்பட்டதாக அதிகாரிகளுக்கு நியாயமான அளவில் தெளிவானால் உரிமத்தை நிறுத்தலாம், ரத்தும் செய்யலாம். சுட்டவர் பெயர் தெரிய வேண்டியதில்லை, கிரிமினல் வழக்கில் கேட்கும் சந்தேகத்துக்கிடமற்ற நிரூபணமும் தேவையில்லை.

மொத்த விஷயத்திலும் முக்கியமான மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். இதுவரை ஒரு கேம்கீப்பர் பிடிபட்டால் அபராதம் கட்டுவார், எஸ்டேட் வழக்கம்போல் நடக்கும். இப்போது ஒரு பருந்து செத்தால் முதலாளியின் ஆகஸ்ட் வருமானமே போகலாம். அப்படியானால் அவரே தன் ஆட்களைக் கட்டுப்படுத்துவார். தொழிலாளி செய்த குற்றத்துக்கு முதலாளியும் பொறுப்பு என்ற விதியை ஸ்காட்லாந்து 2012-இலேயே கொண்டுவந்துவிட்டது. இங்கிலாந்தில் அதுகூட இல்லை. உரிமச் சட்டத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை. உரிமம் எஸ்டேட் முழுவதற்குமா, சுடும் பகுதிக்கு மட்டுமா என்ற சர்ச்சை முதல் ஆண்டே கிளம்பியது. சுடும் இடத்தைச் சுற்றி மட்டும் கோடு போட்டுக்கொண்டால், கோட்டுக்கு வெளியே பருந்தைக் கொன்றால் யார் கேட்பது? அதை அடைத்தால்தான் சட்டத்துக்குப் பல் முளைக்கும்.

விரட்டிச் சுடுவதையே தடை செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் நிறைய. 2016-இல் ஒன்றேகால் லட்சம் பேர் அளவில் கையெழுத்திட்டு நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது, 2025-இலும் நடந்தது. இரண்டு முறையும் அரசு மறுத்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் நான் அந்தப் பக்கம் முழுவதும் சாயவில்லை. கேம்கீப்பர்கள் நரியையும் காகத்தையும் குறைக்கும் இடங்களில் கர்லூ எனும் குதிரைமலைக்கொத்தி, லாப்விங் எனும் ஆள்காட்டி வகை, பொன்னிற உப்புக்கொத்தி ஆகியவை நன்றாகக் குஞ்சு பொரிக்கின்றன. நார்தம்பர்லாண்டில் 2000 முதல் 2008 வரை நடந்த சோதனையில், இரைகொல்லிகளைக் கட்டுப்படுத்திய இடங்களில் இவற்றின் இனப்பெருக்க வெற்றி மும்மடங்கானது. உலகின் கர்லூக்களில் கால் பங்கு வரை பிரிட்டனில்தான் கூடு கட்டுகின்றன, அவை வேகமாகக் குறைந்துவருகின்றன. நாளைக்கே எல்லா மூரிலும் கேம்கீப்பர்களை வீட்டுக்கு அனுப்பினால் அந்த இடத்தில் என்ன வரும், அதற்குப் பணம் யார் தருவது என்பதற்கு ஒவ்வொரு மலைக்கும் தனி விடை வேண்டும். லாங்ஹோம் ஊர்க்காரர்கள் போல எல்லாரும் வாங்க முடியாது. ஆகவே முதலில் உரிமம். உரிமம் கொடுத்தும் கொலை நிற்காவிட்டால் தடையை எதிர்க்க யாருக்கும் நியாயம் இருக்காது.

ஒரு வரலாற்றுச் செய்தி இந்த வாதத்துக்கு வலு சேர்க்கும். 1900 வாக்கில் பிரிட்டனின் பெருநிலத்திலிருந்து ஹாரியர் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டு, ஆர்க்னி தீவுகள் போன்ற ஓரங்களில் மட்டும் மிஞ்சியது. அது பெருநிலத்துக்குத் திரும்பியது இரண்டாம் உலகப்போரின் போதும் அதற்குப் பின்னும். கேம்கீப்பர்கள் போருக்குப் போயிருந்தார்கள். யாரும் அதைக் கூண்டில் வளர்த்து விடவில்லை, திட்டம் போடவில்லை. சுடுவதை நிறுத்தியதும் தானாக வந்தது. 2023 கணக்கெடுப்பில் பிரிட்டனிலும் மேன் தீவிலுமாக 691 ஜோடிகள் இருந்தன, பெரும்பகுதி ஸ்காட்லாந்தில். இங்கிலாந்தில் 50.

கடைசியாக, பிரிட்டனில் வசிப்பவராக இருந்து, யார்க்ஷயர் டேல்ஸ் பக்கமோ பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கமோ வார இறுதியில் நடக்கப் போகிறவராக இருந்தால், உங்களாலும் ஒரு காரியம் செய்ய முடியும். மூரில் செத்த பருந்தையோ, பக்கத்தில் கிடக்கும் சந்தேகமான முயல் உடலையோ பார்த்தால் கையால் தொடாதீர்கள், குழந்தையையும் நாயையும் கிட்டே விடாதீர்கள். 2001-இலேயே தடை செய்யப்பட்ட கார்போஃபியூரான் போன்ற விஷத்தை இன்னும் இரையில் தடவி வைக்கிறார்கள், அது தோல் வழியாகவே உள்ளே போகும். பக்கத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ வைத்து அளவு தெரியும்படிப் படமெடுங்கள், சுற்றுப்புறத்தையும் எடுங்கள், போனில் இடத்தின் ஆயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 101 என்ற காவல்துறை எண்ணுக்கு அழைத்து, வனவிலங்குக் குற்ற அதிகாரியிடம் தகவல் போக வேண்டும் என்று சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். குற்றம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தால் அவசர எண் 999, ஆனால் நீங்கள் குறுக்கே போகாதீர்கள். சட்டப்படி வைக்கப்பட்ட பொறிகளும் அங்கே நிறைய இருக்கும், அவற்றை உடைப்பதோ நகர்த்துவதோ கூடாது. படம் மட்டும் போதும்.